எஸ்டீம் கியர்: முதலில் ஆட்டம், அப்புறம்தான் வீச்சு

எங்கள் 2003 மாடல் மாருதி எஸ்டீமில் இப்போது இரண்டாவது கியர் விழும்போது 'டக்' என்று ஒரே ஒரு சத்தம்தான். லீவர் போன இடத்தில் நிற்கிறது. நியூட்ரலில் கையை எடுத்தால் தானாக வந்து மூன்றுக்கும் நான்குக்கும் நேராக நிற்கிறது. ஐந்தாவது எங்கே, ரிவர்ஸ் எங்கே என்று தேட வேண்டியதில்லை. சித்தப்பா புதிதாக வாங்கி ஓட்டி, அப்புறம் எங்களுக்கு வந்த வண்டி இது. புதிதில் அதன் கியர் எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதைவிட நன்றாகவே இருக்கிறது.

லீவரின் ஆட்டத்தைப் போக்கி, அதன் வீச்சையும் (ஒரு கியரிலிருந்து அடுத்ததுக்கு லீவர் நகரும் தூரம்) குறைத்த இந்த வேலை ஆரம்பிக்கும் முன் இருந்த நிலைமை வேறு. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்கள் ஒரு பக்கம் வரிசையாக நிற்கும். மிச்சமுள்ள இடத்தில் நாம் முதல், இரண்டு, மறுபடி முதல் என்று போட்டுக்கொண்டே நகர வேண்டும். அந்த இடத்தில் முதல் கியர் என்று நினைத்துத் தள்ளினால் மூன்றாவது விழுந்து வண்டி அணைந்துவிடும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும்போது இப்படி அணைந்தால் பின்னாலிருந்து வரும் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும்.

ஒரு பட்டறையில் காட்டியபோது ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கவேண்டும் என்றார்கள். சின்க்ரோ (கியர் உரசாமல் விழ உள்ளே வேகத்தைச் சமன் செய்யும் வளையம்) போயிருக்கும், பதினைந்தாயிரம் ஆகும் என்று கணக்கும் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கியர்பாக்ஸுக்குள் கோளாறு என்றால் ஏதாவது ஒரு கியர் கரகரவென்று உரசவேண்டும், இல்லாவிட்டால் போட்ட கியர் நழுவி வெளியே வரவேண்டும். இதில் அந்த இரண்டும் இல்லை. கியர் சரியாக விழுந்துவிட்டால் வண்டி அருமையாக ஓடுகிறது. விழ வைப்பதுதான் பாடு.

எஸ்டீமில் கேபிள் கிடையாது, இரண்டு இரும்பு ராடுகள்தான். ஒன்று கன்ட்ரோல் ராடு. லீவரின் அடிமுனையிலிருந்து கியர்பாக்ஸின் ஷிஃப்ட் ஷாஃப்ட் வரை போய், முன்னும் பின்னும் நகர்வதோடு சுழலவும் செய்வது அதுதான். பக்கத்திலேயே ஓடும் எக்ஸ்டென்ஷன் ராடு, லீவர் அசைய அச்சாக இருக்கும் பந்து உட்காரும் கூட்டைக் கியர்பாக்ஸோடு கட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு புஷ், அதாவது உராய்வைத் தாங்கும் சின்ன வளையம், இருக்கிறது. இருபது வருடத்தில் தேய்வதெல்லாம் அந்த புஷ்கள்தான்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். அவர் லீவரை மெதுவாக அசைக்க, நான் டார்ச்சோடு கீழே படுத்துக் கியர்பாக்ஸ் பக்க இணைப்பைப் பார்த்தேன். மேலே லீவர் நன்றாக நகர்ந்த பிறகுதான் ராடு அசைய ஆரம்பித்தது. ராடு அசைந்து கொஞ்சம் போன பிறகுதான் ஷாஃப்ட் அசைந்தது. இதைப் பார்த்தாலே போதும், பாக்ஸ் இறக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிடும். பட்டறைக்குப் போகும் முன் யாரும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

மாற்றுவதற்கு முன் அளந்து வைத்தேன். டேஷ்போர்டில் ஒரு ஸ்கேலை ஒட்டி, கியர் குமிழின் உச்சியிலிருந்து பார்த்தால், நியூட்ரலில் இடம் வலமாக ஆட்டம் 50 மி.மீ., முன் பின்னாக 20 மி.மீ. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குக் குமிழ் பயணிக்கும் தூரம், அதாவது வீச்சு, ஆட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 150 மி.மீ. இந்த எண்களை எழுதி வைத்ததால்தான் பிறகு எந்த வேலை எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. 'நல்லா இருக்கு' என்று கைக்குத் தோன்றுவதை மட்டும் நம்பினால் புது குமிழ் மாட்டினாலே நல்லா இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

கழற்றுவதில் பெரிய தடை துரு. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிகளுக்குக் கடல்காற்று செய்யும் வேலையை அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். போல்ட்டின் தலை உருண்டுவிட்டால் அப்புறம் கட்டிங் மெஷின்தான். அதனால் முந்தின நாள் ராத்திரியே கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து டபிள்யூடி-40 அடித்து ஊற விட்டேன், காலையில் மறுபடி அடித்தேன். ஓப்பன் ஸ்பேனரைத் தொடவே இல்லை. 12 மி.மீ. ஆறுமுனை சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் மட்டும்தான். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு கொடுத்து, துருவின் பிடி விட்டதும் கழற்றும் பக்கம் திருப்பினால் தலை உருளாமல் வருகிறது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிற்கவைத்து யாரும் அடியில் போகவேண்டாம். இரண்டு ஸ்டேண்டு வாடகைக்குக்கூடக் கிடைக்கும்.

உள்ளே கன்சோலைக் கழற்றி, ரப்பர் பூட்டைத் தூக்கி, கீழே அடிமுனை போல்ட்டை உருவினால் லீவர் மேல்பக்கமாகக் கையோடு வந்துவிடும். பழைய புஷ்ஷை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் பாதியாக மெலிந்து, இன்னொரு பக்கம் முழுத் தடிமனோடு இருந்தது. வெர்னியரில் பிடித்தால், வட்டமாக 10 மி.மீ. இருக்கவேண்டிய உள்துளை ஒரு திசையில் 10.2, அதற்குக் குறுக்கே 11.6. கியர்பாக்ஸ் பக்க புஷ்ஷும் ஏறக்குறைய அதே கதைதான். லீவரில் பந்தின் மையத்திலிருந்து குமிழ் வரை 260 மி.மீ., மையத்திலிருந்து அடிப்போல்ட் வரை 50 மி.மீ. அதாவது கீழே 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் மேலே கைக்கு 5 மி.மீ.க்கு மேல் தெரியும். இரண்டு இணைப்பிலும் ஒன்றரை மி.மீ. வீதம் தேய்ந்திருந்தால் 20 மி.மீ.யில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு கிடைத்துவிடுகிறது.

கடையில் இந்த வண்டிக்குக் கிடைத்த புஷ் செட் மெத்தென்று இருந்தது, விரலால் அழுத்தினாலே அமுங்கியது. அதனால் கடைந்து போடலாம் என்று முடிவு செய்தேன். செம்புதாஸ் தெருவில் நைலான் ராடு ஒரு துண்டு 80 ரூபாய்க்கு வாங்கி வியாசர்பாடியில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெளிவிட்டம் 16, உள்துளை மிகச் சரியாக 10, ஆட்டமே இருக்கக்கூடாது என்று கேட்டேன். லேத்து அண்ணன் அப்படியே கடைந்து கொடுத்தார். கோடையில் மாட்டினேன். கியர் அற்புதமாக இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கியதும் லீவர் இறுக ஆரம்பித்தது. கியர் விழும், ஆனால் நியூட்ரலுக்கு இழுத்து விட்டால் நடுவுக்குத் தானாக வராமல் விட்ட இடத்திலேயே நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு இன்னும் மோசம். கழற்றி அளந்தால் உள்துளை 9.9தான் இருக்கிறது. நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும் பொருள். வெளிப்பக்கம் இரும்புக் கூட்டுக்குள் மாட்டியிருப்பதால் அந்த ஊதல் முழுவதும் உள்பக்கம்தான் வருகிறது. சென்னைக் காற்றுக்கும் மழைக்கும் நைலான் புஷ் போடுவதானால் இடைவெளி தாராளமாக விடவேண்டும். அப்படி விட்டால் கோடையில் ஆட்டம் வரும். இரண்டுக்கும் நடுவே சிக்குவதைவிடப் பொருளை மாற்றுவது மேல்.

டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ராடு கொஞ்சம்தான் விலை அதிகம். 25 மி.மீ. விட்டத்தில் ஒரு அடிக்கு 140 ரூபாய் கொடுத்தேன். ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சாது, லேத்தில் கண்ணாடி மாதிரி பினிஷிங் வரும். பித்தளையில் போடலாமே என்று அண்ணன் கேட்டார். உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்தால் இன்ஜின் அதிர்வு முழுவதும் லீவர் வழியாகக் கைக்கு வரும், கொஞ்சம் தேய்ந்ததும் கிணுகிணுக்க ஆரம்பிக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். இந்த முறை உள்துளை 10.08 கேட்டேன். வெளிவிட்டம் கூட்டைவிட 0.05 அதிகம், வைஸில் வைத்து அழுத்தினால் உட்காரும்.

புஷ்ஷைவிட முக்கியமானது அதற்குள் போகும் இரும்புக் காலர், அதாவது போல்ட் நுழையும் சின்னக் குழல். புஷ்ஷின் நீளத்தைவிடக் காலர் 0.2 மி.மீ. நீளமாக இருக்கவேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்கும்போது காலர் மட்டும் இறுகும், புஷ் அதைச் சுற்றி லேசாகத் திரும்பும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் போல்ட்டை இறுக்கியதும் வாஷர் புஷ்ஷின் முகத்தைப் பிடித்துக்கொள்ளும், கியர் மறுபடி இறுக்கம். இறுக்கத்தைக் குறைக்க போல்ட்டைத் தளர்த்தினால் ஆட்டம் வரும். நிறையப் பேர் 'புது புஷ் போட்டும் கியர் சரியில்லை' என்று சொல்வதற்கு இந்த 0.2 மி.மீ.தான் காரணமாக இருக்கும் என்பது என் அனுமானம். போல்ட் 8.8 கிரேடு, நட்டு நைலாக் (அதிர்வில் தளராத வகை). சாதா நட்டு இந்த இடத்தில் வேண்டாம்.

டெல்ரின் மாட்டியதும் முன் பின் ஆட்டம் 5 மி.மீ.க்கு வந்தது, இடம் வலம் 18. மொத்த வேலையில் மிகப் பெரிய மாற்றம் இதுதான். பொருள், கடைசல், போல்ட் நட்டு எல்லாம் சேர்த்து இந்தக் கட்டத்துக்கு மட்டும் 710 ரூபாய். வீச்சைக் குறைக்கும் ஆசை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், முக்கால்வாசி சுகம் இதிலேயே கிடைத்துவிடும்.

ஆனால் ஒன்று மிச்சமிருந்தது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தி விட்டால் லீவர் தானே முன்னும் பின்னும் ஒரு விரல்கடை ஆடியது. புது புஷ்ஷிலேயே எங்கோ இடைவெளி என்று நினைத்து எல்லா இணைப்பையும் மறுபடி கழற்றி அளந்தேன், ஒன்றும் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்து, மனைவி பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விட, நான் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தேன். இன்ஜின் ஆளையே தூக்கிப் போடுகிற அளவுக்கு எழும்பி இறங்கியது. பின்பக்க இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. ராடு வைத்த கியரில் இன்ஜின் ஆடினால் லீவரும் கூடவே ஆடும், இரண்டும் கட்டிப் போட்டவை. 950 ரூபாய்க்குப் புது மவுண்டிங் போட்டதும் அது நின்றது. இப்போது யாராவது இந்த மாதிரி வண்டியில் கியர் ஆடுகிறது என்றால் முதலில் மவுண்டிங்கைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் பிறகுதான் வீச்சு. 150 மி.மீ. என்பது அதிகம்தான். இரண்டாவது போடும்போது முழங்கை பின் சீட்டுப் பக்கம் போய் வருகிறது. குறைப்பதற்கு வழி லீவரின் அடிப்பக்கத்தை நீட்டுவது. 50 மி.மீ. இருப்பதை 60 ஆக்கினால் குமிழின் பயணம் 125 ஆகும். 65 ஆக்கினால் 115. குறையக் குறையக் கைக்குப் பலம் அதிகம் தேவைப்படும்: 60க்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல், 65க்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மேல்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்குவது இன்னொரு வழி. ஆனால் குமிழ் கைக்கு எட்டாமல் கீழே போய்விடும், இந்த வண்டியின் சீட்டுக்கு அது பொருந்தாது.

வெட்டி ஒட்டுவதற்கு முன் எவ்வளவு நீட்டலாம் என்று ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. 6 மி.மீ. இரும்புப் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, அடிமுனையின் இரு பக்கமும் வைத்து, பழைய துளை வழியாக ஒரு போல்ட்டும் தண்டோடு சேர்த்து ஒரு யூ கிளாம்ப்பும் போட்டு இறுக்கினேன். பட்டைகளில் 10 மி.மீ.க்கு ஒன்று, 15 மி.மீ.க்கு ஒன்று என இரண்டு துளைகள். இதில் ரோட்டுக்குப் போகக்கூடாது. எங்கள் தெருவுக்குள்ளேயே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்கத்தான்.

15 மி.மீ. எனக்குப் பிடித்திருந்தது. சின்னதாக, கெட்டியாக, ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி. மனைவிதான் தினமும் மணலிக்கு வேலைக்கு இந்த வண்டியில் போகிறவர். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, ரெண்டாவதுக்கு இழுக்கும்போது தோள்பட்டை வரைக்கும் வேலை செய்யுது. டிராஃபிக்ல ஒரு மணி நேரம் இப்படிப் போட முடியாது" என்றார். இன்ஜின் சூடாகாத நேரத்தில் இரண்டாவது இன்னும் முரண்டியது. பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ ரிங் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், வெளியே லீவரைக் குட்டையாக்கியதற்காக அது அவசரப்படாது. அவர் சொன்னதுதான் சரி. 10 மி.மீ. என்று முடிவானது.

சொந்த லீவரை வெட்டவில்லை. புதுப்பேட்டையில் பழைய எஸ்டீம் லீவர் ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும்போது பந்தின் மேல் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். தண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டியும் பார்த்தேன். ஏதாவது தவறினால் பழையதை மாட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகலாம் என்ற தைரியம் இருந்தால்தான் இந்த வேலையை நிதானமாகச் செய்ய முடியும்.

அந்த லீவரோடு மறுபடி வியாசர்பாடி. நடுவில் வெட்டி 10 மி.மீ. துண்டு வைத்து ஒட்டுவதாக நான் படம் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நடுவுல துண்டு வெச்சா ரெண்டு ஒட்டு வரும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. அடிப்பக்கத்த மொத்தமா புச்சா கடஞ்சிக்கலாம், ஒரே ஒட்டுல முடிஞ்சிரும்" என்றார். அப்படியே செய்தோம்.

25 மி.மீ. இஎன்8 உருட்டுக் கம்பியில் அடிப்பகுதியை முழுதாகக் கடைந்தார். கீழே புஷ் உட்காரும் 16 மி.மீ. குறுக்குத் துளை, மேலே தண்டு, தண்டின் நுனியில் 8 மி.மீ. விட்டத்தில் 12 மி.மீ. நீளத்துக்கு ஒரு மூக்கு. லீவரைப் பந்துக்குக் கீழே வெட்டி, அந்த முகத்தில் 8 மி.மீ. துளை போட்டு, மூக்கை உள்ளே தட்டி இறக்கினார். மூக்கு இருப்பதால் மையம் தானாக வந்துவிடுகிறது. சுற்றிலும் வெல்டிங் இறங்குவதற்கு 'வி' வடிவில் சரிவு எடுத்திருந்தார்.

மையம் வந்தாலும் குறுக்குத் துளையின் திசை வரவேண்டுமே. அது திரும்பியிருந்தால் ராடு கோணலாக நின்று புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்றுவிடும். என் பழைய லீவரின் துளையில் 30 செ.மீ. கம்பி ஒன்று, புதியதில் அதேபோல் ஒன்று. இரண்டு லீவரையும் மேஜைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, கம்பிகளின் நுனி தட்டிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒப்பிட்டார். நான்கு இடத்தில் டேக் (பொட்டுப் பொட்டாக வெல்டிங்) வைத்ததும் மறுபடி பார்த்தார். ஒரு பக்கம் 3 மி.மீ. இழுத்திருந்தது. சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி அளவு, இன்னொரு தட்டு. 1 மி.மீ.க்குள் வந்த பிறகுதான் முழு வெல்டிங்.

இஎன்8 சாதா இரும்பு இல்லை, கரி கொஞ்சம் அதிகம். சட்டென்று ஆறினால் ஒட்டுக்குப் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். அதனால் காய்ந்த 7018 வெல்டிங் ராடு எடுத்து, ஒட்டும் இடத்தை முதலில் கேஸில் சூடாக்கி, பற்றவைத்து முடித்ததும் லீவரை அப்படியே உலர்ந்த மணல் டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். தண்ணீரில் முக்கிக் கொடுக்கிற பட்டறை என்றால் இந்த வேலையை அங்கே கொடுக்காதீர்கள். மாலையில் எடுத்தபோதும் கை பொறுக்கும் அளவு சூடு இருந்தது. அப்புறம் வைஸில் அடிப்பகுதியைக் கடித்து, மேல்தண்டில் ஒரு குழாயைச் சொருகி, என் முழு எடையையும் போட்டு இரண்டு பக்கமும் தொங்கிப் பார்த்தோம். ஓட்டும்போது கை கொடுக்கும் பலத்தைப் போலப் பல மடங்கு அது. கண்ணுக்கு ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. கடைசல், இரும்பு, வெல்டிங் எல்லாம் சேர்த்து 850 ரூபாய் வாங்கினார், எனக்கு அது குறைவாகத்தான் பட்டது.

மாட்டும் முன் பந்துக்கு லித்தியம் கிரீஸ், ரப்பர் பூட் படும் இடத்துக்கு மட்டும் சிலிகான் கிரீஸ். சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். பூட் புதிதாகவே போட்டேன், 220 ரூபாய். மழைத் தண்ணீரைத் தடுப்பது அதுதான்.

அடிமுனை 10 மி.மீ. கீழே இறங்கியதால் ராடும் அந்தளவு தாழ்ந்தது. சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டுக்கும் ராடுக்கும் இடையே எவ்வளவு இடம் மிச்சம் என்பது படுத்துக்கொண்டு பார்த்தால் தெரியாது. ஓடும்போது இன்ஜின் அசையும், அப்போதைய இடைவெளிதான் கணக்கு. மகளுடைய விளையாட்டுக் களிமண்ணில் ஒரு உருண்டையை அந்தத் தகட்டின் மேல் ஒட்டிவிட்டு, எல்லா கியரும் போட்டு, ரிவர்ஸும் எடுத்து, வேகத்தடை மேல் ஏறி இறங்கி வந்தேன். களிமண்ணில் ராடு அமுக்கிய தடத்தின் மெல்லிய இடம் 3 மி.மீ. பிடித்தது. எனக்கு அது போதாது. தகட்டைக் கழற்றி மரக்கட்டை மேல் வைத்து அந்த இடத்தை மட்டும் உள்வாங்கத் தட்டினேன். மறுபடி களிமண் வைத்து ஓட்டியபோது 9 மி.மீ.

குமிழின் பயணம் அளந்தபோது 126. கணக்கில் வந்த 125க்கு இவ்வளவு நெருக்கமாக வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாக்ஸ் எண்ணெயும் அதோடு மாற்றினேன். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 (முதலாவது எண்ணெயின் தடிமன், இரண்டாவது அதன் தர வகை). கடையில் ஜிஎல்-5 உயர்ந்தது என்று கொடுப்பார்கள், வாங்க வேண்டாம். பித்தளை சின்க்ரோ ரிங் உள்ள பழைய பாக்ஸுக்கு ஜிஎல்-4தான் சரி. காலை நேர இரண்டாவது கியர் முரண்டு எண்ணெய் மாற்றியதும் பாதியாகக் குறைந்தது.

குமிழில்தான் ஒரு சுற்று அதிகமாகப் போனேன். கனமான குமிழ் இருந்தால் கியர் தானே இழுத்துக்கொண்டு விழும் என்பது உண்மை. 45 மி.மீ. பித்தளை உருண்டை ஒன்று கடைந்தோம், 400 கிராம். மாசி மாதத்தில் கைக்கு வழவழவென்று அருமை. கத்திரி வெயிலில் தெருவில் நின்ற வண்டியில் ஏறி அதைத் தொட்ட மனைவி கையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார். துணி சுற்றி ஓட்ட வேண்டியதாயிற்று. இப்போது இருப்பது உள்ளே சின்னப் பித்தளை மையம், வெளியே டெல்ரினில் கடைந்த உறை. கனம் பாதிதான், ஆனால் மே மாதத்திலும் கை வைக்கலாம். இரண்டு குமிழுக்கும் சேர்த்து 700 ரூபாய்.

செலவு முழுவதையும் கூட்டினால், நைலான் 80, டெல்ரின் 140, புஷ் கடைசல் இரண்டு தடவைக்கும் 900, போல்ட் நட்டு 120, இவற்றோடு லீவர், வெல்டிங், மவுண்டிங், பூட், குமிழ், 1,300 ரூபாய்க்கு கியர் எண்ணெய் எல்லாம் சேர்ந்து 5,660. பாக்ஸ் இறக்கச் சொன்ன தொகையில் பாதிகூட இல்லை, பாக்ஸும் கை படாமல் இருக்கிறது.

மறுபடி இதைச் செய்வதானால் வரிசையை மாற்றுவேன். முதலில் இன்ஜின் மவுண்டிங், அடுத்து எண்ணெய், அப்புறம் நேரே டெல்ரின் புஷ். அதோடு ஒரு மழைக்காலம் ஓட்டிவிட்டுத்தான் லீவரைத் தொடுவேன். காலரைச் சாதா இரும்பில் போடாமல் ஸ்டெயின்லெஸ்ஸில் கடையச் சொல்வேன். போன வாரம் கழற்றிப் பார்த்தபோது புஷ் புதிது போலவே இருந்தது, காலரின் விளிம்பில்தான் செம்மண் நிறத்தில் துரு எட்டிப் பார்த்தது. தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டியிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் ராடின் பின்முனையில் பாடியோடு சேரும் ரப்பரை இன்னும் மாற்றவில்லை. இடம் வலம் மிச்சமிருக்கும் 18 மி.மீ.யில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த இடத்துக்கு டெல்ரின் கூடாது, ரப்பர்தான் வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அதிர்வு தரைக்கு ஏறிவிடும். ரப்பர் மாதிரி வளையும் பாலியூரித்தேனில் வார்த்துக் கொடுக்கிறவர் மூலக்கடைப் பக்கம் ஒருவர் இருப்பதாக லேத்து அண்ணன் சொன்னார். பழைய ரப்பரை அளவுக்காகக் கழற்றி எடுத்துக்கொண்டு வரும் ஞாயிறு அங்கே போகிறேன்.